ஒரே இலையில் இரு குலம்

மலேசியாவின் மலாக்கா நகரில், காஜா பெராங் பகுதியில், மலாக்கா செட்டிகளின் கம்போங், அதாவது கிராமம், இருக்கிறது. பொங்கலுக்கு முந்தைய நாளான போகியன்று அங்கே வீட்டுக்கு வீடு முன்னோருக்குப் படையல் போடுகிறார்கள். வாழையிலை விரிப்பது, விளக்கேற்றுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது எல்லாம் நம்மூர் வழக்கந்தான். இலையில் வந்து விழுவதுதான் வேறு: தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், பெலாச்சான் என்ற இறால் விழுது சேர்த்து இடித்த சம்பல், புளி கரைத்த மீன் பிண்டாங், மலாய்ப் பலகாரங்கள். முன்நின்று செய்யும் பெண்கள் உடுத்துவது சாரோங்கும் கெபாயாவும். வீட்டில் புழங்கும் பேச்சு மலாய். இந்தப் படையலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பார்ச்சு.

ஒருவருக்குள் இரண்டு இனங்களின் ரத்தம் ஓடும்போது, இரண்டையும் அவர் எங்கே வைத்துக் காப்பாற்றுவது? பெயர் பெரும்பாலும் தந்தை வழியில் வந்துவிடுகிறது. மொழியில் ஒன்று ஓங்கினால் மற்றது அடங்கிவிடுகிறது. இரண்டு சமயங்களில் கால் வைக்க ஊரும் சட்டமும் எளிதில் விடுவதில்லை. பதிவேட்டில் பெரும்பாலும் இருப்பது ஒரே கட்டம். மிஞ்சுவது ஆண்டில் சில நாட்கள். அந்தச் சில நாட்களைத்தான் உலகின் பல இடங்களில் கலப்புக் குடும்பங்கள் பற்றிக்கொண்டிருக்கின்றன. எல்லா இடத்திலும் அது பலித்துவிடவில்லை. ஓரிடத்தில் ஐந்நூறு ஆண்டு நின்றிருக்கிறது. இன்னோரிடத்தில் இரண்டு தலைமுறையில் கரைந்திருக்கிறது. நிற்க வைத்தது எது, கரைத்தது எது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பண்டிகையின் ஆடம்பரத்தில் விடை இல்லை என்று நான் நம்புகிறேன். அந்த நாளில் எந்த முன்னோருக்கு, யாருடைய கையால் கடன் தீர்க்கப்படுகிறது என்று பார்த்தால் விடை தெரியத் தொடங்குகிறது.

மலாக்கா செட்டிகளின் கதை சுல்தான்களின் காலத்தில் தொடங்குகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏற்றிப் போன தமிழ் வணிகர்கள், காற்று திரும்பும் வரை மலாக்காவில் மாதக்கணக்கில் தங்க வேண்டியிருந்தது. அவர்களோடு பெண்கள் கப்பலேறவில்லை. மலாய், ஜாவா, பத்தாக், சீனப் பெண்களை அவர்கள் அங்கேயே மணந்தார்கள். 1511இல் போர்ச்சுகீசியர் நகரைப் பிடித்தபோது, தமிழ் வணிகர்களில் செல்வாக்கோடு இருந்த நைனா சாட்டு என்பவரை அவர்களின் தளபதி அல்புகர்க் பெண்டகாரா என்ற உயர் பதவியில் அமர்த்தினார். 1641இல் டச்சுக்காரர் வந்தார்கள். கடல் வணிகத்தை அவர்கள் தங்கள் கைக்குள் எடுத்துக்கொண்டதும் செட்டிகளின் தொழில் படுத்தது. பொன் வேலைக்கும் காஜா பெராங்கின் விவசாயத்துக்கும் அவர்கள் போனார்கள். தமிழகக் கரையோடு இருந்த போக்குவரத்து அறுந்தது. பிறகு அங்கிருந்து மணப்பெண்ணும் வரவில்லை, தமிழ் பேசும் சுற்றமும் வரவில்லை.

ஆனாலும் கோயில் எழுந்தது. டச்சு அரசு செட்டிகளின் தலைவரான தெய்வநாயகம் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் 1781இல் பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் கட்டப்பட்டது. மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையவற்றுள் அது ஒன்று. அதே தெருவில் சில அடி நடந்தால் 1748இல் கட்டிய கம்போங் கிளிங் மசூதி. அதற்கும் அப்பால் பதினேழாம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். தந்தைமாரின் தெய்வங்கள் இப்படி நிலைத்தன. தாய்மாரின் பங்கு பேச்சாக, உடையாக, உணவாக வீட்டுக்குள் நிலைத்தது. சில தலைமுறைகளில் தமிழ் போயிற்று. பிள்ளை, செட்டி, படையாச்சி, நாயக்கர் என்ற பட்டங்கள் மட்டும் பெயரின் வாலில் தங்கின. தேவாரம் பாடுகிறவர்கள் அதை ரோமன் எழுத்தில் எழுதி வைத்துப் பாடினார்கள். கல்யாணத்தில் தாலியும் உண்டு, மலாய் மணமக்களின் அலங்காரமும் உண்டு. ஆண்கள் சாரோங் உடுத்தித் தலைப்பாகை கட்டிக்கொண்டார்கள்.

இந்தக் கலப்பின் உச்சத்தை அவர்களுடைய ஆண்டு நாட்களில் பார்க்கலாம். முத்து மாரியம்மனுக்கு ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும் பத்து நாள் திருவிழாவை அவர்கள் டத்தோ சாச்சார் வழிபாடு என்கிறார்கள். மலாயில் சாச்சார் என்றால் அம்மை நோய். கரகமும் காவடியும் பால்குடமும் வருகின்றன. அம்மன் ரதமேறிக் காஜா பெராங்கிலிருந்து விநாயகர் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறாள். தமிழகத்துக் கிராம தேவதை ஒருத்தி மலாய் மரியாதைப் பெயரோடு அங்கே ஊர் காக்கிறாள்.

பார்ச்சு ஆண்டுக்கு இருமுறை வருகிறது. போகிக்கு ஒன்று, பழங்கள் காய்த்துக் குலுங்கும் ஜூன், ஜூலையில் இன்னொன்று. இந்த இரண்டாவது படையலைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் ஆகியவற்றை இலையில் குவித்து முன்னோருக்கு வைக்கிறார்கள். தமிழகத்துப் பஞ்சாங்கத்தில் இப்படி ஒரு நாள் கிடையாது, இருக்கவும் முடியாது. அந்த மண்ணின் பருவத்தைப் பார்த்து, அந்த மண்ணின் பெண்கள் வயிற்றில் பிறந்தவர்கள் கண்டெடுத்த நாள் அது. போகிப் படையல் தந்தை ஊரின் நாளில் தாய் வீட்டுச் சோற்றை வைக்கிறது. பழப் படையல் தாய் மண்ணின் நாளில் தந்தை வீட்டுச் சடங்கைச் செய்கிறது. இரண்டிலும் இலை ஒன்றுதான். அதன் முன் வந்து உண்பதாக நம்பப்படும் மூத்தோர் இரு குலத்தவர். இறந்தவர்களில் மலாய்ப் பாட்டி யார், தமிழ்த் தாத்தா யார் என்று அந்த இலை பிரித்துப் பார்ப்பதில்லை. உயிரோடிருந்தபோது அவர்கள் விரும்பி உண்டது இலைக்கு வருகிறது, அவ்வளவுதான்.

இவர்களைப் பார்க்க வரும் தமிழர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: தமிழே தெரியாதவர்கள் எப்படித் தமிழர்கள்? கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. கேட்கப்படுகிறவருக்கு அப்படியில்லை. பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளில் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த தமிழர்கள் ஊரோடும் மொழியோடும் வந்தார்கள். செட்டிகளுக்கு அந்த வாய்ப்பு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அடைபட்டுவிட்டது. மொழி போன பிறகும் போகியை விடாமல் பிடித்திருந்தவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, அதை எப்படிப் பிடித்திருந்தீர்கள் என்பதே. சாமுவேல் துரைசிங்கம் 2006இல் சிங்கப்பூர், மலாக்கா பெரானாக்கான் இந்தியர்களைப் பற்றி, அதாவது உள்ளூரில் கலந்து பிறந்த இந்திய வழியினரைப் பற்றி, ஒரு நூல் எழுதினார். 2018இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் மலாக்கா செட்டிகளைப் பற்றித் தனிக் கண்காட்சியே வைத்தது. அதற்கு முன்பு இப்படியொரு சமூகம் இருப்பது சிங்கப்பூரில் பலருக்குத் தெரியாது.

மலாக்காவில் இது ஒரு சமூகத்தின் கதை மட்டுமல்ல. பாபா ஞோஞ்ஞா எனப்படும் சீனப் பெரானாக்கான்கள் மலாய் பேசிக்கொண்டே சீனப் பெருநாளையும் மூதாதையர் வழிபாட்டையும் காத்தார்கள். போர்ச்சுகீசிய வழித்தோன்றல்களான கிறிஸ்தாங் மக்கள் உஜோங் பாசிரில் ஜூன் 29ஆம் நாள் புனித பேதுரு திருநாளுக்குப் படகுகளை அலங்கரித்து நிறுத்துகிறார்கள். தவக்காலத்துக்கு முந்தைய ஞாயிறன்று இந்த்ருடு என்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுகிறார்கள். கிறிஸ்துமஸ் மேசையில் மிளகாயும் காடியும் கடுகும் ஏறிய டெபால் கறியை வைக்கிறார்கள். 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்த தொண்டாங் சாயாங் என்ற பாட்டு வடிவத்தை மலாக்காவில் மலாய்க்காரர், பாபா ஞோஞ்ஞா, செட்டி, போர்ச்சுகீசியர் ஆகிய நான்கு சமூகத்தாரும் பாடுகிறார்கள்.

இவையெல்லாம் கலந்து முடிந்து, கலப்பே ஒரு தனிச் சாதியாக உறைந்துவிட்ட பழைய சமூகங்கள். இப்போது கலந்துகொண்டிருக்கும் குடும்பங்களின் நிலை வேறு. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சீனருக்கும் இந்தியருக்கும் பிறந்தவர்களைச் சின்டியன் என்கிறார்கள். அவர்களுக்குத் தனிக் கம்போங் இல்லை, தனிக் கோயில் இல்லை. ஒவ்வொரு வீடும் தானே முறை வகுத்துக்கொள்ள வேண்டும். சீனப் பெருநாளுக்கு முதல் நாள் இரவு தாய்வழித் தாத்தா வீட்டில் கூடிச் சாப்பிடுவார்கள். தீபாவளிக்கு விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தந்தை வீட்டுப் பெரியவர்கள் காலில் விழுவார்கள். இரண்டு வீட்டிலும் பிள்ளைகளின் கைக்குக் காசு உறை வருகிறது. சீனரின் சிவப்பு அங்பாவைப் பார்த்து மலேசியத் தமிழர்கள் தீபாவளிக்கு ஊதா, பச்சை உறைகள் கொடுக்கத் தொடங்கிப் பல காலமாகிறது. கலப்புத் திருமணம் நடக்காத வீட்டிலும் பண்டிகை கலந்துவிட்டது.

அந்த மண்ணின் திறந்த இல்ல உபசரிப்பு இதற்குப் பெரிய உதவி. பண்டிகை வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைக்க, பிற இனத்து அண்டை அயலார் வந்து உண்டு போகும் வழக்கம் அது. நோன்புப் பெருநாளும் சீனப் பெருநாளும் 1990களின் பிற்பகுதியில் அடுத்தடுத்து வந்தபோது கொங்சி ராயா என்றும், பிறகு தீபாவளியும் நோன்புப் பெருநாளும் நெருங்கி வந்தபோது தீபராயா என்றும் புதுப்பெயர்கள் கிளம்பின. கடைக்காரர்களும் அரசும் அவற்றைப் பிடித்துக்கொண்டார்கள். விளம்பரத்துக்கு அவை நன்றாக இருந்தன. கலப்புக் குடும்பங்களுக்கு அவை பெரிதாக எதையும் கொடுத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அண்டை வீட்டுப் பண்டிகைக்கு விருந்தாளியாகப் போவது ஒன்று. அது தன் பாட்டியின் பண்டிகை என்று முறை கேட்டுச் செய்வது வேறொன்று. விருந்தாளிக்குச் சாப்பிட்டதோடு கடமை முடிந்தது. பேரப்பிள்ளைக்குச் சீனக் கல்லறை துப்புரவு நாளில் தாத்தாவின் சமாதியில் புல் பிடுங்கும் வேலை இருக்கிறது.

இன்னொரு கதையையும் இங்கே சொல்ல வேண்டும். மலாயாவில் ஒரு காலத்தில் வறுமையாலும் பெண் குழந்தை வேண்டாம் என்ற எண்ணத்தாலும் சீனக் குடும்பங்கள் கொடுத்துவிட்ட பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. அந்தப் பெண்கள் சேலை கட்டி, தமிழ் பேசி, தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்து, தமிழ்ப் பிள்ளைகளைப் பெற்றார்கள். ரத்தத்தில் சீனர், வளர்ப்பில் தமிழர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலருக்கு அந்தச் சீனப் பக்கத்தைக் கொண்டாட ஆசை. எந்த ஊர், எந்தக் குலம் என்று சொல்ல ஆளில்லாத வீட்டில் சீனப் பெருநாள் ஆரஞ்சுப் பழத்தோடு நின்றுபோகிறது. ரத்தம் இருந்தும், கைமாற்றித் தர ஒரு கிழவி இல்லாமல் போனால் இப்படித்தான் ஆகும்.

மலேசியச் சட்டப்படி முஸ்லிமை மணப்பவர் இஸ்லாத்தைத் தழுவியாக வேண்டும், பிள்ளைகளும் முஸ்லிம்கள். அப்படி மணந்த தமிழரோ சீனரோ தாய் வீட்டுத் தீபாவளிக்கும் சீனப் பெருநாளுக்கும் போகிறார்கள். உணவு ஹலாலாக இருக்க வேண்டும் என்று தாய் தனிச் சட்டி பாத்திரம் வாங்கி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. பூசையின்போது மகள் கூடத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருப்பாள். முழுப் பண்டிகையும் அங்கே இல்லை, ஒரு பகுதிதான். அந்தத் தனிச் சட்டிக்குள் இருக்கும் அன்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

கலிபோர்னியாவுக்குப் போவோம். அங்கே நடந்தது நேர்மாறான கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பஞ்சாபிலிருந்து உழவர்கள் போனார்கள். பெரும்பாலோர் சீக்கியர்; சிலர் முஸ்லிம்கள், சிலர் இந்துக்கள். ஊர்க்காரர்கள் எல்லோரையும் இந்து என்றே அழைத்தார்கள். 1913ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை பெற முடியாதவர்கள் நிலம் வாங்குவதைத் தடுத்தது. 1917ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஊரிலிருந்து மனைவியை அழைத்து வரும் வழியை அடைத்தது. 1923இல் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தியர்கள் வெள்ளையர் ஆக மாட்டார்கள் என்று தீர்ப்பளித்துக் குடியுரிமைக் கதவையும் மூடியது. வெள்ளைப் பெண்களை மணக்கவும் சட்டத்தடை இருந்தது. மெக்சிகோ எல்லையை ஒட்டிய இம்பீரியல் பள்ளத்தாக்கில் பருத்தி எடுக்க வந்த மெக்சிகப் பெண்களை அவர்கள் மணந்தார்கள். உரிமம் எழுதும் குமாஸ்தாவின் கண்ணுக்கு இருவர் தோலும் ஒரே நிறமாகத் தெரிந்தால் போதும், திருமணம் பதிவாகிவிடும். இந்தக் குடும்பங்களைப் பற்றிக் கேரன் லெனார்டு என்ற அறிஞர் 1992இல் விரிவான நூல் எழுதியிருக்கிறார்.

தந்தைமார் பொழுது முழுதும் வயலில் இருந்தார்கள். பிள்ளைகள் தாயின் மடியில் ஸ்பானிய மொழி கற்று, தேவாலயத்தில் திருமுழுக்குப் பெற்று, கிறிஸ்துமஸும் பிற கத்தோலிக்கத் திருநாட்களும் கொண்டாடி வளர்ந்தார்கள். ஞானத்தந்தையாக நின்றவர் பல வீடுகளில் தந்தையின் பஞ்சாபித் தோழர். தேவாலயப் பதிவேட்டுக்காக அவருக்கு ஒரு கிறிஸ்தவப் பெயர் எழுதப்பட்டது. சமையலறையில் கோழிக் கறியும் ரொட்டியும் டார்ட்டியாவும் அருகருகே வெந்தன. 1912இல் நிறுவப்பட்ட ஸ்டாக்டன் குருத்வாராவுக்குக் குடும்பத்தோடு போய் வந்தவர்களும் உண்டு. தங்களை இந்து என்று பெருமையோடு சொல்லிக்கொண்ட அந்தப் பிள்ளைகளின் வீட்டில் பைசாகியோ ஈதோ தீபாவளியோ வேர் பிடிக்கவில்லை. தந்தை செத்தபின் அவருக்குச் செய்ய வேண்டிய நாள் என்று ஒன்று ஆண்டில் இல்லை.

1965ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் கதவைத் திறந்ததும் பஞ்சாபிலிருந்து புதிய குடும்பங்கள் கலிபோர்னியாவின் யூபா சிட்டிக்கு வந்தன. புதியவர்கள் இந்த மெக்சிக முகங்களைப் பார்த்து, நீங்கள் எப்படிப் பஞ்சாபியர் என்று கேட்டார்கள். மலாக்காவில் கேட்ட அதே கேள்வி. 1980 முதல் யூபா சிட்டியில் நவம்பர் முதல் ஞாயிறன்று பெரிய சீக்கிய ஊர்வலம் நடக்கிறது. பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1970களில், பஞ்சாபி மெக்சிகக் குடும்பங்கள் தங்களுக்கென்று ஆண்டுக்கொரு கிறிஸ்துமஸ் காலக் கூடலைத் தொடங்கின. பழையவர்கள் சந்தித்து, உண்டு, ஆடிப் பிரியும் கூட்டம் அது. தங்களைப் போன்றவர்களை ஒரே கூடத்தில் பார்க்கும் ஆறுதலுக்காக அவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட நாள். பிள்ளைகள் மெக்சிக அமெரிக்கராகவோ வெறும் அமெரிக்கராகவோ பிரிந்து போகப் போக அந்தக் கூடல் மெலிந்தது. ஆட்டமும் விருந்தும் ஒரு தலைமுறையின் நட்பைத் தாங்கின. அடுத்த தலைமுறையை அழைத்து வரும் கட்டாயம் அவற்றில் இல்லை.

இந்து மகாசமுத்திரத்தில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரியூனியனில் இதே கேள்விக்கு வேறொரு விடை கிடைக்கிறது. 1848 டிசம்பர் 20ஆம் நாள் அங்கே அடிமைத்தனம் ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடித் தமிழகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டார்கள். அவர்கள் வழிவந்தவர்களை மல்பார் என்கிறார்கள். ஆப்பிரிக்க, மடகாஸ்கர், சீன, பிரெஞ்சு வழியினரோடு அவர்கள் கலந்தார்கள். பிரெஞ்சு அரசு இனவாரியாகத் தலை எண்ணுவதில்லை. ஆகவே எவருக்குள் எவ்வளவு கலப்பு என்ற கணக்கே அங்கே கிடையாது. ராமசாமி என்ற குடும்பப் பெயருக்கு முன்னால் கிறிஸ்தவப் பெயர் இருக்கும். ஞாயிறு காலை தேவாலயம், வேறொரு நாள் கோயிலில் தீமிதி. இரண்டையும் ஒருவரே செய்வதில் அந்த ஊர்க்காரருக்கு வியப்பு ஏதுமில்லை.

நவம்பர் முதல் நாள் கத்தோலிக்கரின் புனிதர் திருநாள். தீவு முழுவதும் கல்லறைகளில் பூ குவிகிறது. மல்பார் வீடுகளில் சாம்ப்ளானி என்றொரு முன்னோர் படையல் உண்டு. இறந்தவர் விரும்பிய உணவும் மதுவும் இலையில் வைக்கப்படும். மடகாஸ்கர், ஆப்பிரிக்க வழியினர் தங்கள் முன்னோருக்கு மலோயா இசையோடு இரவு முழுக்கச் சர்விஸ் கபாரே என்ற சடங்கை நடத்துகிறார்கள். இரு வழியிலும் பிறந்தவருக்கு இரண்டும் கடமை. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் விடப்பட்ட முன்னோர் வருந்துவார் என்ற நம்பிக்கை அந்தக் கடமையைக் காக்கிறது. அடிமைத்தனம் ஒழிந்த டிசம்பர் 20ஆம் நாள் 1983 முதல் அங்கே விடுமுறை நாள். அந்த நாளில் தமிழ் முகமும் ஆப்பிரிக்க முகமும் சேர்ந்து ஆடுகின்றன. பலருக்கு இரண்டும் ஒரே முகம்.

அந்தத் தீவில் கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ் மறுமலர்ச்சி ஒன்றும் நடந்தது. தமிழகத்திலிருந்து அர்ச்சகர்கள் வந்தார்கள், கோபுரங்கள் உயர்ந்தன, 1990களிலிருந்து தீபாவளி பெரிய ஊர்வலங்களோடு கொண்டாடப்படுகிறது. தோட்டத்துக் கூலிகளின் காலத்தில் தீமிதியும் காளி பூசையும் இருந்த அளவுக்குத் தீபாவளி இருந்ததில்லை. தமிழ் அங்கே மீண்டும் கேட்பதில் எனக்கு மகிழ்ச்சியே. கவலை தரும் பக்கமும் உண்டு. ஆடு கோழி பலியிட்டு, ரம் வைத்துப் படைத்த பழைய மல்பார் வழிபாட்டைத் தாழ்ந்ததென்று ஒதுக்கிச் சுத்தமான சைவத்துக்குத் திரும்பச் சொல்லும் குரல்கள் எழுந்தன. சுத்தம் என்ற பேச்சு வந்ததும் கலப்பில் பிறந்தவருக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. தமிழகத்து முறையே மூலம், மற்றதெல்லாம் சிதைவு என்று நாம் சொல்லும்போது ஐந்து தலைமுறைப் பாட்டிகளின் உழைப்பைச் சிதைவு என்கிறோம்.

தாய்மாரின் பங்கை ஒதுக்கும் இந்த வேலையை நம் சட்டமும் செய்திருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 366ஆவது பிரிவு ஆங்கிலோ இந்தியர் யார் என்று வரையறுக்கும்போது தந்தைவழியில் ஐரோப்பிய மூதாதை இருக்க வேண்டும் என்கிறது. தாய் ஐரோப்பியராக இருந்தால் அந்தப் பட்டியலில் இடமில்லை. தந்தைவழி ஐரோப்பியர் என்றால் எத்தனை தலைமுறை இந்தியத் தாய்மார் இருந்தாலும் கணக்கில் வருவதில்லை. சென்னையில் பெரம்பூரிலும் பரங்கிமலையிலும் வேப்பேரியிலும் கிறிஸ்துமஸுக்கு ஆங்கிலோ இந்திய வீடுகளில் பிளம் கேக்கோடு ரோஸ் குக்கியும் தட்டில் இருக்கும். நாம் அச்சு முறுக்கு என்று சுடுவதும் அதுதான். மஞ்சள் சோறும் உருண்டைக் கறியும் பின்னால் வரும். சட்டம் எழுதாமல் விட்ட தாய்மார் அந்தத் தட்டில் இருக்கிறார்கள். ஆங்கிலோ இந்தியருக்கான சட்டமன்ற, நாடாளுமன்ற நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்துபோயின. கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு நியமனம் தேவைப்படவில்லை.

இப்படிப் பண்டிகையை உயர்த்திப் பேசுவதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு; அதைத் தாண்டிப் போக முடியாது. ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் 1979இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்காவில் ஐரோப்பியக் குடியேறிகளின் பேரப்பிள்ளைகள் தங்கள் இனத்தை அடையாளச் சின்னமாக மட்டும் வைத்திருக்கிறார்கள் என்றார். ஆண்டுக்கொரு பண்டிகை, ஒரு பலகாரம், ஒரு உடை. அன்றாட வாழ்வில் அதற்கு எந்த விலையும் கொடுக்க வேண்டியதில்லை. 1990இல் இன்னொரு சமூகவியலாளரான மேரி வாட்டர்ஸ் இன்னும் ஒரு படி போனார்: வெள்ளையர்களுக்கு எந்த மூதாதையைக் கொண்டாடுவது என்று தேர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது, கறுப்பு அமெரிக்கருக்கு அந்த வசதியைச் சமூகம் கொடுப்பதில்லை.

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. சுற்றுலாத் துறை மேடையில் நான்கு இன உடைகளை வரிசையாக நிறுத்தும்போதும், பள்ளியில் பண்பாட்டு நாளுக்குப் பிள்ளையை அலங்கரித்து அனுப்பும்போதும் கான்ஸ் சொன்னதுதான் நடக்கிறது. மேடை இறங்கியதும் கடமை முடிகிறது. பார்ச்சுவை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதற்கு விலை உண்டு. விடியுமுன் எழுந்து பெலாச்சான் வறுக்க வேண்டும், தேங்காய் பிழிய வேண்டும், கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலைக்குப் போய்விட்ட பிள்ளைகள் விடுப்பெடுத்து வர வேண்டும். இந்த உழைப்பில் பெரும்பங்கு பெண்களுடையது என்பதையும் மறைக்கக் கூடாது. கலப்பு மரபு வாழ்கிறது என்று நாம் மகிழும் இடத்தில் ஒரு மாமியாரும் இரண்டு மருமகள்களும் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறார்கள். மகன்களும் பேரன்களும் அம்மியருகே உட்காராத வீட்டில் அடுத்த தலைமுறைக்கு இது போய்ச் சேரும் என்று நான் நம்பவில்லை. செட்டி இளைஞர்கள் இன்று பிற தமிழரையும் சீனரையும் மணக்கிறார்கள். வரும் மருமகளுக்கோ மருமகனுக்கோ இலையில் எதை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுக்கும் பொறுமை இந்தத் தலைமுறைக்கு வேண்டும். வருகிறவரின் இறந்த தாத்தாவுக்கும் அந்த இலையில் இடம் கொடுக்க வேண்டும்.

கலப்பையே கொண்டாடும் புது நாட்களும் பிறந்திருக்கின்றன. அமெரிக்காவில் கலப்புத் திருமணத் தடைகளை உச்ச நீதிமன்றம் நீக்கிய 1967 ஜூன் 12ஐ 2004 முதல் லவிங் நாள் என்று கூடிக் கொண்டாடுகிறார்கள். தீர்ப்பைப் பெற்றுத்தந்த தம்பதியரின் குடும்பப் பெயர் அது. உரிமையை நினைக்கும் நாளாக அதை நான் மதிக்கிறேன். அதற்கென்று வீட்டில் ஒரு முறை இன்னும் உருவாகவில்லை. கலிபோர்னியாவின் பழையவர்கள் கூடலைப் போல அதுவும் நண்பர்களைச் சார்ந்தே நிற்கிறது.

சிங்கப்பூர் 2011 ஜனவரி முதல் பெற்றோர் விரும்பினால் பிள்ளைக்கு இரட்டை இனம் பதிய அனுமதிக்கிறது. சீனர்-இந்தியர், இந்தியர்-மலாய்க்காரர் என்று எழுதலாம். வீடமைப்புக் கழகத்தின் இன ஒதுக்கீட்டுக்கு முதலில் எழுதிய இனமே கணக்கு. இரண்டுக்கு மேல் எழுத முடியாது. இரட்டை இனத்தவர் இருவர் மணந்து பெறும் பிள்ளைக்கு நான்கு பக்கம் இருந்தால் இரண்டை விட வேண்டும். அப்படியொரு பிள்ளையின் ஆண்டை எண்ணிப் பார்க்கிறேன். ஜனவரியில் மலாக்காவில் பாட்டி வீட்டுப் போகி; அடுத்துச் சீனப் பெருநாள்; ஏப்ரலில் கல்லறை துப்புரவு; ஜூனில் பழப் படையல்; ஐப்பசியில் தீபாவளி; நோன்புப் பெருநாள் ஆண்டுக்கு ஆண்டு முன்னே நகர்ந்து வரும். சிங்கப்பூரில் ஆண்டுக்குப் பதினொரு பொது விடுமுறை நாட்கள். சீனப் பெருநாளுக்கு இரண்டு, நோன்புப் பெருநாளுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று. தைப்பூசம் 1968இல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. போகியும் பொங்கலும் அதில் இருந்ததே இல்லை. மலாக்காவிலும் அவை வேலை நாட்கள்தான். பாட்டி வீட்டுக்குப் போக அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் விடுப்புக் கடிதம் கொடுக்க வேண்டும், பெற்றோர் சொந்த விடுப்பில் இரண்டு நாள் கழிக்க வேண்டும்.